விழுந்ததும் விழாததும்: ஒரு டிபி பாக்ஸ், மூன்று புகார்கள்

பிரேக்கர் தொல்லை என்று கூப்பிட்டு வயரிங் பார்க்கப் போன வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர். நான் செருப்பைக் கழற்றும் முன்பே ஒரு தாளை நீட்டினார். அதில் மூன்று வரிகள்:

1. காலையில் மெயின் விழுகிறது. தினமும் இல்லை.
2. மோட்டார் போட்டால் சில சமயம் விழுகிறது.
3. மாடி பிளக் பாயின்ட் கருகிவிட்டது. அப்போது எதுவும் விழவில்லை.

மூன்றாவது வரி வேறு மையில் இருந்தது, அப்புறமாக ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி. "மூணாவது சரியாயிடுச்சு தம்பி, வேற பிளக் போட்டாச்சு. முதல் ரெண்டுதான் தொல்லை. எல்லா பிரேக்கரையும் நல்லதா பார்த்து மாத்திடுங்க" என்றார்.

"மாத்தலாம் சார். அதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் எதுக்கு விழுந்துச்சுன்னு பார்த்துடலாம்" என்றேன். தாளைப் படித்ததும் என் வயிற்றைக் கலக்கியது அந்த மூன்றாவது வரிதான். விழுவது என்றால் லீவர் தானாக இறங்கிக் கரண்ட்டை அறுப்பது. விழுகிற பிரேக்கர் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் விழுகிறது. பிளாஸ்டிக் உருகுகிற அளவுக்குச் சூடேறியும் ஒரு லீவர்கூட அசையவில்லை என்றால், எங்கோ கேட்க வேண்டிய காது அடைபட்டிருக்கிறது.

பெட்டிக்குள் யார் யார்

சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட் இணைப்பு. கீழ்த்தளத்து மாடிப்படி ஓரத்தில் டிபி பாக்ஸ், அதாவது கரண்ட்டை வீட்டின் சுற்றுகளுக்குப் பிரித்துவிடும் பெட்டி. முன்மூடியைக் கழற்றியபோது இடமிருந்து வலமாக இப்படி இருந்தது: ஒரு அகலமான இரட்டை லீவர், அதற்கடுத்து 'டி' (டெஸ்ட்) என்று எழுதிய பொத்தானுடன் இன்னொரு அகலமானது, பிறகு ஒற்றை ஒற்றையாக எட்டு.

முதல் அகலக்காரர் 40 ஆம்பியர் ஐசோலேட்டர். வீட்டுக்காரர் பல வருடமாக இதைத்தான் "மெயின் பிரேக்கர்" என்று சொல்லிவந்தார். ஐசோலேட்டர் வெறும் சுவிட்ச். வீடே ஷார்ட் ஆனாலும் அது தானாக இறங்காது. கையால் இறக்கினால்தான் உண்டு. பார்வைக்கு பிரேக்கர் போலவே இருப்பதால் இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

இரண்டாவது ஆர்சிசிபி, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் அறுக்கிற கருவி. முகத்தில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. காலையில் விழுவது இதுதான். பழைய வீடுகளில் இதன் இடத்தில் வோல்டேஜால் இயங்கும் ஈஎல்சிபி இருக்கும். அது வேறு கருவி, வழக்கொழிந்தது. ஆனாலும் இன்றைய ஆர்சிசிபியைப் பலரும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்சிசிபியின் மேல் எழுதிய 40 ஆம்பியர் அது தாங்கும் அளவு, அந்த அளவில் அது விழாது. மிகைப்பளுவையும் ஷார்ட்டையும் அது கவனிப்பதே இல்லை. அதை வேறு ஒருவர் காக்க வேண்டும். இந்த வீட்டில் மீட்டர் பக்கத்து ஃபியூஸ் அந்த வேலையைச் செய்தது.

எட்டு ஒற்றைகளும் எம்சிபி, அந்தந்தச் சுற்றில் மிகைப்பளுவோ ஷார்ட்டோ ஆனால் அறுப்பவை. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும்: பி10, சி20 என்று. அதன் கீழே சின்னக் கட்டத்துக்குள் 6000 என்றிருந்தால், ஷார்ட் ஆகும்போது 6000 ஆம்பியர் வரை பாய்ந்தாலும் தான் வெடிக்காமல் அறுத்துவிடும் என்று பொருள். அதை யாரும் படிப்பதில்லை. எண்ணை மட்டும் பார்த்து, "இது பத்து, அதான் தாங்கல, இருபது போடு" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஏழாவது எம்சிபி மட்டும் மற்றவற்றைவிடப் புதுசு. சி32. உள்ளே பென்சிலால் எழுதி ஒட்டிய பழைய சீட்டில் அந்த இடத்துக்கு நேரே "மாடி பிளக் – 16" என்றிருந்தது.

மூன்றாவது புகார், முதலில்

கருகிய பழைய சாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். நல்ல வேளை. கையில் எடுத்துப் பார்த்தேன். ஃபேஸ் பக்கத்துத் துளை மட்டும் பழுப்பேறி உள்வாங்கியிருந்தது. பின்புறம் அதே பக்கத்துப் பித்தளைத் திருகு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. அது சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பல மாதம் வாழ்ந்த உலோகத்தின் நிறம். நியூட்ரல் பக்கத்துத் திருகு புதுசு போலப் பளபளத்தது. இரண்டிலும் பாய்ந்தது ஒரே கரண்ட்தான். அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் கருகுவானேன்? அந்தத் திருகு லூஸ்.

லூஸ் கனெக்‌ஷனில் நடப்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று அந்த சாக்கெட்டில் ஓடியிருக்கிறது. சுமார் 8.7 ஆம்பியர். சரியாக முறுக்கிய திருகில் தடை ஓம் கணக்கில் சொல்லவே முடியாத சொற்பம். அதுவே தளர்ந்து அரை ஓம் ஆகிவிட்டால், 8.7 × 8.7 × 0.5, கிட்டத்தட்ட 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, மிளகளவு இடத்தில், பிளாஸ்டிக் பெட்டிக்குள். இதில் கவனிக்க வேண்டியது, கரண்ட் கூடவே இல்லை. தடை சேர்ந்ததால் ஒரு துளி குறைந்துகூட இருக்கும். எம்சிபிக்குக் கரண்ட் கூடினால்தான் தெரியும். ஆர்சிசிபிக்கு எர்த்துக்குக் கசிந்தால்தான் தெரியும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. ஆகவே அந்த சாக்கெட் கருகியதற்கு 32ஐக் குறை சொல்வது நியாயமில்லை. 16 இருந்தபோதும் அது கருகியிருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்க ஏஎஃப்டிடி என்றொரு வகை வந்திருக்கிறது. வயரில் தீப்பொறி பறக்கும்போது கரண்ட்டின் அலைவடிவம் கிழிந்து கந்தலாகும். அதை ஒரு சின்ன மின்னணுச் சுற்று இனங்கண்டு அறுத்துவிடும். ஐஇசி 62606 என்ற இதன் சர்வதேசத் தரம் 2013இல் வெளிவந்தது. நல்ல கருவிதான். ஆனால் பொறியில்லாமல் கனன்றுகொண்டே இருக்கும் திருகை அது பிடித்தே தீரும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஸ்க்ரூ டிரைவரைப் போல மலிவான பாதுகாப்பு வேறில்லை என்பது என் கட்சி.

சாக்கெட் விஷயம் தனி. 32 வேறு ஆபத்து.

மாடி வயரின் நுனியைச் சீவி இழைகளை எண்ணினேன். 22 இழை, ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர். அதாவது 1.5 ஸ்கொயர் எம்எம். சுவருக்குள் குழாயில் ஓடும் இந்தச் செம்பு வயருக்கு 15, 16 ஆம்பியர்தான் நிம்மதியான அளவு. பழைய சீட்டில் 16 என்று எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

மாடியில் என்னென்ன ஒன்றாக ஓடும் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். வீட்டில் எது எப்போது ஓடுகிறது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார் என்பது அனுபவம். "வாஷிங் மெஷின்ல சுடுதண்ணி ப்ரோக்ராம் போடுவேன். அது ஓடும்போதே அயர்ன் பண்ணிடுவேன். அவர் ரூம்ல ஹீட்டர் போட்டுக்குவார். கம்ப்யூட்டர் ரெண்டு பெரும்பாலும் ஆன்ல இருக்கும்." மெஷின் 2000, ஹீட்டர் 2000, அயர்ன் 1000, கம்ப்யூட்டர்கள் சேர்ந்து 600 வாட். மொத்தம் 5600. 24 ஆம்பியர் சொச்சம்.

எம்சிபிக்குள் இரண்டு காவலர்கள் உண்டு. ஒருவர் நிதானஸ்தர்: இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. சூடேறினால் வளையும், வளைந்து கொக்கியைத் தட்டும். இன்னொருவர் முன்கோபி: மின்காந்தச் சுருள். ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் தட்டிவிடும். இந்த இருவரையும் ஒரே கைக்கடக்கமான பெட்டியில் குடிவைத்து 1924இல் காப்புரிமை பெற்றது ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம். நூறு வருடத்துக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை.

நிதானஸ்தருக்கு ஐஇசி 60898 வகுத்த விதி இது: எழுதிய அளவைப்போல 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது. 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். மாடி லோடு 24. பதினாறு ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒன்றரை மடங்கு. எனவே அரை மணியோ முக்கால் மணியோ பொறுத்துவிட்டு அது விழும். "ஆமா, மெஷின் பாதி ஓடும்போது விழும்" என்றார் அம்மா. வீட்டுக்காரரின் மருமகன் ஒருநாள் லீவரை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அது பலிக்காது. லீவரைப் பிடித்திருந்தாலும் உள்ளே இணைப்பு அறுந்துவிடும்படிதான் இதைச் செய்கிறார்கள்.

அப்புறம் யாரோ வந்து 32 போட்டிருக்கிறார்கள். தொல்லை தீர்ந்தது. 32க்கு 24 எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 36 ஆம்பியரை ஒரு மணி நேரம் கண்டுகொள்ளாமல் விடத் தரமே அதற்கு அனுமதி தந்திருக்கிறது. 16 தாங்கும் வயரில் 24 பாய்ந்தால் சூடு ஒன்றரை மடங்கு கூடாது. கரண்ட்டின் வர்க்கத்துக்குத்தான் சூடு கூடும். எனவே இரண்டேகால் மடங்கு. சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கு வடிவமைத்தது. அதைத் தாண்டித் தினமும் வெந்தால் முதலில் விறைக்கும், பிறகு வெடிக்கும். நான் பார்த்தபோது சுவிட்ச் பெட்டிக்குள் இருந்த வயரின் சிவப்பு உறை மங்கி, வளைத்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. சுவருக்குள் இருக்கிற மீதியை யார் பார்ப்பது?

அன்றைக்கே 32ஐக் கழற்றி சி16 போட்டேன். சாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வீட்டில் விழுகிற பிரேக்கர் இரண்டு இருந்தது, நான் வந்து மூன்றாக்கிவிட்டேன்.

மோட்டார்

இது சுருக்கமான கதை. ஒரு குதிரைத்திறன் மோட்டார். ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் 6.2 ஆம்பியர். போட்டிருந்தது பி10. அளவைப் பார்த்தால் தாராளம். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓட்டக் கரண்ட்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். மீட்டரைத் தொடக்கக் கரண்ட் பிடிக்கும் நிலையில் வைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தோம். 41, 44, 43.

இங்கேதான் எழுத்து வேலைக்கு வருகிறது. எழுத்து, முன்கோபியின் சுபாவத்தைச் சொல்கிறது. பி என்றால் எழுதிய அளவைப்போல 3 முதல் 5 மடங்குக்குள் தட்டிவிடும். சி என்றால் 5 முதல் 10. டி என்றால் 10 முதல் 20. ஆக பி10 எங்கேயோ 30க்கும் 50க்கும் நடுவில் பொறுமை இழக்கும். மோட்டார் கேட்பது 44. சில நாள் விழும், சில நாள் விழாது. சார் எழுதியிருந்த "சில சமயம்" என்ற வார்த்தையின் விலாசம் இதுதான்.

"அப்போ இருபது போட்டுடுங்க."

"வேண்டாம் சார். எண் வயருக்கு. எழுத்துதான் மோட்டாருக்கு."

அதே பத்தில் சி போட்டோம். 50க்குக் கீழே அது வெடுக்கென்று அறுக்காது. மோட்டார் இறுகி நின்றுவிட்டால் அந்த 44 ஆம்பியர் தொடர்ந்து பாயும், அப்போது நிதானஸ்தர் சில நொடிகளில் தட்டிவிடுவார். எழுத்தை ஏற்றும்போது ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும்: எர்த் ஃபால்ட் ஆனால் அந்த இடத்தில் 100 ஆம்பியராவது பாயுமா? பாய்ந்தால்தான் சி10 உடனே அறுக்கும் என்பது உறுதி. மோட்டார் முனையில் லூப் தடை, அதாவது ஃபேஸில் போய் எர்த் வழியே திரும்பும் முழு வழியின் தடை, 0.9 ஓம். 230ஐ 0.9ஆல் வகுத்தால் 255 ஆம்பியர். போதும். டி வகைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அது வெல்டிங் மெஷின், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போன்ற முரடர்களுக்கானது.

மோட்டார் வெறும் காற்றில் ஓடுவதையோ, லேசான மிகைப்பளுவில் வேகுவதையோ எம்சிபி கண்டுபிடிக்காது. மிகைப்பளுவுக்கு ஓவர்லோடு ரிலேயும், காற்றில் ஓடுவதற்கு டிரை ரன் காவலும் தனியாக வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

காலையில் விழும் மெயின்

இதற்குத்தான் மூன்று முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை பாதிதான் கண்டுபிடித்தேன்.

டிபி பாக்ஸின் மேல் உறை பிரிக்காத ஒரு ஆர்சிசிபி தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. 100 மில்லி ஆம்பியர். எனக்கு முன்னால் வந்த வயர்மேன் வாங்கச் சொல்லியிருக்கிறார்: "முப்பது ரொம்ப சென்சிட்டிவ், நூறு போட்டா நிக்கும்." எதனாலோ சார் அதைப் போடச் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லையாம்.

மனசு சொன்னது சரி. ஆர்சிசிபியின் உள்ளே ஒரு இரும்பு வளையம். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து அதன் வழியே போகின்றன. போனது அத்தனையும் திரும்பி வந்தால் வளையத்தில் காந்தம் எழாது. எங்கேயாவது ஒரு துளி எர்த்துக்கோ, எர்த்தில் நிற்கிற மனிதனின் உடம்புக்கோ போய்விட்டால் கணக்கு உதைக்கும். அந்த வித்தியாசம் ஒரு சின்னச் சுருளை உசுப்பி, பிடித்திருக்கும் கொக்கியை விடுவிக்கும். மனித உடம்பில் எத்தனை மில்லி ஆம்பியர் பாய்ந்தால் என்ன ஆகும் என்று வருடக்கணக்காக ஆராய்ந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். 10 மில்லி ஆம்பியரை ஒட்டியே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகத் தொடங்கும். அவர்தான் 1961இல் அமெரிக்க வீடுகளுக்கான மின்கசிவு முறிப்பானை உருவாக்கினார். ஆர்சிசிபி உங்கள் உடம்பில் பாயும் கரண்ட்டைக் குறைக்காது. பாயும் நேரத்தைத்தான் குறைக்கும். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி வினாடிக்குள், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லி வினாடிக்குள் அறுக்க வேண்டும் என்பது தரம். 100 என்பது தீவிபத்துக்கான காவல். மனிதனுக்கு 30தான்.

எல்லாவற்றிலிருந்தும் அது காக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல், காலடியில் ரப்பர் என்றால் அதன் பார்வையில் நீங்களும் ஒரு பல்புதான்.

முதல் நாள் அளந்ததைச் சொல்கிறேன். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப்புக்குள் விட்டேன். எல்லாம் வழக்கம்போல் ஓடும்போது 16 மில்லி ஆம்பியர். பழுது எதுவும் இல்லாமலே! கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், ஏசி, எல்இடி டிரைவர் என்று ஒவ்வொரு கருவிக்குள்ளும் இரைச்சல் வடிகட்டும் சின்ன கெபாசிட்டர்கள் எர்த்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் அனுமதித்த அளவுக்குள்தான். எல்லாம் ஒரே ஆர்சிசிபியின் தலையில் விழும்போதுதான் சிக்கல். இந்த நிரந்தரக் கசிவு 30 சதவீதத்துக்குள், அதாவது 9 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது என்பது பிரிட்டிஷ் விதிமுறை. இங்கே இரண்டு மடங்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து வாட்டர் ஹீட்டர் சுற்றை மட்டும் தனியாக அளந்தேன். போட்டவுடன் 19. பத்து நிமிடத்தில் 4க்கு இறங்கியது. இன்சுலேஷனை அளக்கும் மெக்கரில் ஆறிய ஹீட்டர் எலமென்ட் 0.012 மெகா ஓம். ஒரு மெகா ஓமாவது இருக்க வேண்டும்.

பத்தொன்பதும் பதினாறும் முப்பத்தைந்து, அதான் விழுது என்றான் கூட வந்த பையன். "இல்லடா தம்பி" என்று அவனுக்கு ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து காட்டினேன். கெபாசிட்டர் கசிவும் தடைக் கசிவும் ஒரே திசையில் நிற்பதில்லை, 90 டிகிரி விலகி நிற்கும். 16இன் வர்க்கமும் 19இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 25. கருவியால் கசிவை மெல்ல ஏற்றிப் பார்த்தபோது இந்த ஆர்சிசிபி 23இல் விழுந்தது. 15க்குக் கீழே விழக் கூடாது, 30க்குள் விழ வேண்டும் என்பதுதான் விதி. ஆக அது ஆரோக்கியமாகத்தான் இருந்தது.

எலமென்ட்டின் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். முனை அடைப்பில் விரிசல் விட்டால் அந்தத் தூள் ராத்திரி முழுக்க ஈரத்தை உறிஞ்சும். காலையில் போட்டதும் கசியும். சூடேறி உலர்ந்துவிட்டால் சமர்த்தாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்திருந்த நாட்களில் மெயின் விழாமல் நின்றது, மறந்து விட்ட நாட்களில் விழுந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. எலமென்ட்டை மாற்றினோம். நான் என் முதுகில் தட்டிக்கொண்டு வீடு போனேன்.

மூன்றாவது வாரம் போன். ராத்திரி மழை. காலையில் ஹீட்டர் போட்டதும் மெயின் விழுந்தது.

புது எலமென்ட் மெக்கரில் 100 மெகா ஓமுக்கு மேல். பழுதே இல்லை. ஆனால் ஹீட்டரைப் போட்டால் விழுகிறது, போடாவிட்டால் நிற்கிறது. எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். ஹீட்டரைத் தவிர எது இறங்கினாலும் பலன் இல்லை. எனக்கு முன் வந்தவரும் இதையேதான் செய்து, "ஆர்சிசிபி வீக்" என்று முடிவு கட்டியிருக்கிறார். அரை மணி நேரம் நானும் அவர் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகுதான் உறைத்தது. ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும் அறுக்கும். நியூட்ரல் பாரில் எல்லாச் சுற்றின் நியூட்ரலும் கட்டியபடியே கிடக்கும். எந்தச் சுற்றிலாவது நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதன் எம்சிபியை இறக்கிவைத்தாலும் ஒன்றும் ஆகாது. வீட்டின் வேறு லோடுகளின் திரும்பும் கரண்ட்டில் ஒரு பங்கு அந்த வழியே நழுவிக்கொண்டேயிருக்கும். லோடு சின்னதாக இருக்கும்வரை நழுவுவதும் சின்னது. ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும்போது நியூட்ரல் லைனின் 0.2 ஓமில் 2.6 வோல்ட் எழும். ஈரத்தில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 50 ஓம் இருந்தால் 52 மில்லி ஆம்பியர். ஹீட்டர் நிரபராதி. அவர் வந்ததால் கூட்டம் கூடியது, அவ்வளவுதான்.

மெயினை இறக்கி, நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி எர்த்துக்கு எதிரே அளந்தோம். தோட்டத்து விளக்குச் சுற்றில் மீட்டர் படுத்துவிட்டது. கம்பத்தின் அடியில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விரல்கடைக்கு மழைத்தண்ணீர். நியூட்ரல் நுனியிலிருந்து ஒற்றை இழை பிசிறிக்கொண்டு கம்பத்தின் இரும்பை உரசிக்கொண்டு நின்றது, ஒரு மீசை மயிர் மாதிரி. முதல் நாளே எல்லாச் சுற்றுக்கும் நியூட்ரல்–எர்த் அளவு எடுத்திருக்க வேண்டும். ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தியது என் சோம்பல்.

பெட்டியை மாற்றியது

இப்போதுதான் புது பிரேக்கர்கள் வாங்கினோம். ஒரே ஆர்சிசிபியின் கீழ் வீடு முழுவதையும் தொங்கவிடாமல் ஹீட்டர், மாடி, தோட்டம், ஏசி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆர்சிபிஓ. எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே கூட்டில் இருப்பதுதான் ஆர்சிபிஓ. எது விழுந்தாலும் அதன் சுற்று மட்டும் இருளும், நிரந்தரக் கசிவும் பங்கு பிரிந்துவிடும். நியூட்ரலையும் சேர்த்து அறுக்கிற இரட்டை முனை வகையாகப் பார்த்து எடுத்தோம். அடுத்த முறை தோட்டத்தில் இழை பிசிறினால் அந்த லீவரை இறக்கினாலே போதும்.

பழைய ஆர்சிசிபி ஏசி வகை. குளிர்சாதன ஏசி இல்லை, மாறுமின்னோட்டம் என்று பொருள்படும் குறி. சீரான அலையாகக் கசிந்தால்தான் அதற்குத் தெரியும். இன்றைய கருவிகள் உள்ளே டயோடு வைத்து அலையை நறுக்கிவிடுவதால் பாதி அலையாகவும் கசியும். அதற்கு ஏ வகை வேண்டும். இன்வெர்ட்டர் மோட்டார் உள்ள கருவிகளுக்கு எஃப் வகை. நேர்மின்னோட்டமே கசியக்கூடிய மின்கார் சார்ஜர், சில சோலார் இன்வெர்ட்டர்களுக்கு பி வகை. ஆர்சிசிபியின் இந்த பி வேறு, எம்சிபியின் பி வேறு. ஒன்றுக்கொன்று எந்தச் சொந்தமும் இல்லை. ஒரே எழுத்தை இரண்டு இடத்தில் வைத்தவர்களைக் கடைக்காரர்களும் வயர்மேன்களும் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறோம்.

வாஷிங் மெஷினுக்கு இன்னும் தனி லைன் இழுக்கவில்லை. சுவரை உடைக்க அம்மா நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தச் சொன்னேன். அழுத்தினால் உள்ளே ஒரு தடை வழியாகச் செயற்கையாகக் கணக்கை உதைக்க வைக்கும். கொக்கி இறுகிப்போகாமல் இருக்கிறதா என்று அதில் தெரியும். உங்கள் எர்த் வயர் நன்றாக இருக்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்கு மீட்டர் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து சார் கூப்பிட்டார். "தம்பி, மாடி விழுந்துடுச்சு."

"எவ்வளவு நேரம் கழிச்சு சார்?"

"போட்டு முப்பத்தஞ்சு நிமிஷம். மெஷின், அயர்ன், ஹீட்டர் மூணும் ஓடிட்டு இருந்துச்சு. டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், அது நல்லா இருக்கு. கசிவு இல்லை, ஷார்ட்டும் இல்லை. லோடுதான். ஹீட்டரைக் கழற்றிட்டு, அஞ்சு நிமிஷம் ஆறவிட்டுத் தூக்கினேன். நின்னுடுச்சு."

"அப்புறம் எதுக்கு சார் போன் பண்ணீங்க?"

"சுவரை உடைக்க அம்மா வியாழக்கிழமை சரின்னுட்டாங்க. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் எத்தனை மீட்டர் வாங்கி வைக்கணும்?"